பாலத்தடியில் நிற்க வேண்டிய கார்

யுத்த காலத்தில் வாவிப் பாலத்தின் இறக்கம் முடிகிற இடத்தில் ஓர் இராணுவச் சோதனைச் சாவடி இருந்தது. அதற்குச் சற்று முன்னால் வீதிக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். வருகிற வாகனங்கள் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். தாண்டினால் என்ன நடக்கும் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மண்மூட்டைகளுக்கு மேலே துவக்கின் குழல் எந்நேரமும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் கார் அந்தக் கோட்டைத் தாண்டி ஆறடி தள்ளிப் போய் நின்றது.

என் மடியில் இரண்டு வயது மகள் இருந்தாள். கணவர் பிரேக்கைத் தரையோடு மிதித்தபடி, கைப் பிரேக்கையும் இழுத்தபடி, முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். துவக்கு எங்கள் பக்கம் திரும்பியது. அதைப் பிடித்திருந்தவனுக்கு இருபது வயது இருக்கலாம். எங்களைவிட அவன்தான் அதிகம் பயந்துபோயிருந்தான். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. கணவர் கைகளை உயர்த்திக்கொண்டு இறங்கி, "பிரேக், பிரேக்" என்றார். அந்த ஒரு சொல் எல்லா மொழிகளிலும் ஒன்றாக இருந்ததால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு நீதி நிலைநாட்டப்பட்டது. காரைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், திரும்பவும் உருட்டிக்கொண்டு வந்து, கோட்டில் முறைப்படி நிறுத்தச் சொன்னார்கள். கைகளால் தள்ளிக்கொண்டு வந்தபோது கார் மிக அழகாக நின்றது.

"கோட்ட ஒள்ளம், ஒரு ஆறடி, அங்கால தள்ளிப் போட்டிருக்கலாம் அவனுகள்" என்றார் கணவர், நகரத்துக்குள் வந்த பிறகு.

"பிரேக் சரியில்லையா எண்டு போன கிழமையே கேட்டன்."

"பிரேக்குக்கு என்ன? நல்லாத்தான் பிடிக்கிது. நேரமெடுத்துப் பிடிக்கிது."

அவர் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் கோப்பு எழுதுகிற இலிகிதர். நேரமெடுத்து நடக்கிற காரியங்களில் அவருக்குக் குறை தெரியாது. நான் பாலத்துக்கு அப்பால் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். மகளை அங்கே என் அக்காவின் வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். ஆகவே அந்தக் கோட்டை நாங்கள் மூவரும் நாளுக்கு இரண்டு தடவை சந்தித்தாக வேண்டும். காரோ என்னைவிடப் பதினைந்து வயது மூத்த இங்கிலாந்துக் கார். கணவரின் அப்பா கலியாணத்துக்குத் தந்தது. சீதனம் என்றால் மாப்பிள்ளை பக்கம் குறை சொல்லலாம், இது மாப்பிள்ளை பக்கமே தந்தது என்பதால் கணவர் அதைக் குறை சொன்னதில்லை. என்னையும் சொல்லவிட்டதில்லை.

அன்றிலிருந்து பாலம் வரும்போதெல்லாம் மகளை இறுக்கிப் பிடிப்பேன். இறுக்கிப் பிடித்தால் என்ன பயன் என்று யோசிப்பேன். கொஞ்சம் தளர்த்துவேன். தளர்த்தியது தவறோ என்று மறுபடி இறுக்குவேன். பிள்ளை பாவம், பாலம் என்றாலே தன்னைப் பிசைகிற இடம் என்று நினைத்திருக்கும்.

இரண்டு கிழமை கழித்துக் கணவர் ஒரு நல்ல செய்தியோடு வந்தார்.

"முன் சில்லு ரெண்டுக்கும் டிஸ்க் பிரேக் போடப்போறன். கழிச்ச ஜப்பான் வேன்ல இருந்து எடுத்துப் பூட்டலாம். சொற்ப காசு. எல்லாம் உங்களுக்காகத்தான், புள்ளைக்காகத்தான்."

கண் கலங்கிவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு அவருக்குப் பிடித்த இறால் சொதி வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் மிச்சச் செய்தியும் வெளியே வந்தது. ஊர் விளையாட்டுக் கழகம் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா நடத்த இருந்தது. வழக்கமான மரதன் ஓட்டத்துக்கு இராணுவ முகாமில் அனுமதி கிடைக்கவில்லை. ஆண்கள் கூட்டமாக ஓடினால், எதிலிருந்து ஓடுகிறார்கள் என்று கேள்வி வரும் அல்லவா. வழுக்குமரத்துக்கும் அனுமதி இல்லை. உயரத்தில் ஏறுகிறவன் எதைப் பார்க்க ஏறுகிறான் என்று யாருக்குத் தெரியும்? கார்கள் ஒவ்வொன்றாக, தனித் தனியாக, அறுவடை முடிந்த வட்டையில் சுற்றி வந்தால் ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வயல் வெளியில் தனியாகப் போகிற கார் யாருக்கும் எளிதாகத் தெரியும், குறி பார்க்கவும் வசதி.

போட்டி இதுதான். காய்ந்த வயலில் இரண்டு சுற்று. முடிவில் சுண்ணாம்பால் கீறிய பெட்டிக்குள் முன் சில்லுகள் வந்து நிற்க வேண்டும். பெட்டியைத் தாண்டினால் தோல்வி.

"பெட்டிக்குள்ள நிப்பாட்டுறதுக்குத்தான் டிஸ்க்கா?" என்று கேட்டேன்.

"ச்சே, அது வேற. இது உங்களுக்காக."

"சொதி இன்னும் ஊத்தவா?"

"ஓம், ஒள்ளம்."

வேன் உதிரிகள் ஓட்டமாவடியில் ஒருவரிடம் கிடைத்தன. பழைய வாகனங்களைக் கழற்றிப் பிரிப்பதில் கைதேர்ந்த மெக்கானிக் அவர். எல்லாரும் அவரை, அண்ணன் என்ற அர்த்தத்தில், நானா என்றே கூப்பிட்டார்கள். எங்கள் காரின் சில்லுக்கு வேனின் டிஸ்க் பொருந்தும்படி அவர் லேத்தில் கொடுத்துத் துளை மாற்றி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் எங்கள் வீட்டுக்கே வந்து பூட்டித் தருவதாகச் சொன்னார். ஆணி திருகும் சாவிகளைக் கொண்டு வருவாராம், இரும்பைக் கொண்டு வரமாட்டாராம். வழியில் ஆறு சோதனைச் சாவடிகள். ஆண் ஒருவன் கனமான வட்ட இரும்புகளோடு பஸ்ஸில் ஏறினால் எங்கே இறங்குவான் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கணவருக்கும் அதே நிலைமை.

ஆகவே பெண் போக வேண்டும், கையில் குழந்தையோடு போனால் இன்னும் நல்லது. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். ஆண்களுக்கு ஆபத்து என்று பெண்கள் போனோம். பெண்களுக்கு ஆபத்து என்று பிள்ளைகளைக் கொண்டு போனோம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் யாரைக் கொண்டு போவது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மகளைக் கோட்டுக்கு முன்னால் காப்பாற்றுவதற்காக, மகளைக் கொண்டுபோய் ஆறு கோடுகளைக் கடந்து வந்தேன். கணக்குப் பிழை என்று போகும்போதே தெரிந்தது. ஆனால் கணவர் கேட்டுவிட்டார், நானும் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

நானா இரண்டு டிஸ்க்குகளையும் கடதாசியில் சுற்றித் தந்தார். "தங்கச்சி, கேட்டா கார்ச் சாமான் எண்டு செல்லுங்க. ஒண்டும் பயப்புடாதீங்க." நான் பயப்படவில்லை. முன்யோசனையோடு நடந்தேன். கடதாசியைப் பிரித்து வீசிவிட்டு, மகளின் துணிகளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, பால் போத்தலுக்குக் கீழே பையின் அடியில் வைத்தேன். கண்ணில் படாமல் இருந்தால் கேள்வியே வராது என்பது என் படித்த மூளையின் தீர்மானம்.

மூன்றாவது சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பெண் சிப்பாய் என் பையைத் தூக்கினாள். பிள்ளைத் துணி எவ்வளவு கனமாக இருக்கும் என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"இது என்ன?"

நானா சொல்லித் தந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொன்னது: "புள்ளையின்ட சாமான்."

அவள் துணியைப் பிரித்தாள். வட்டம், இரும்பு, நடுவில் பெரிய துளை, சுற்றிவரச் சின்னத் துளைகள். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைவிட்டு நான்கடி தள்ளி நின்றார்கள். அதில் இருவர் காலையில் என் மகளைக் கொஞ்சியவர்கள். டிஸ்க் இரண்டையும் வீதியோரம் மணலில் வைத்துவிட்டு, அதிகாரியைக் கூட்டிவர ஆள் போனது. நானும் மகளும் வெயிலில் இருந்தோம். ஒரு மணித்தியாலம் கழிந்தது. கடைசியில், சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்த பஸ் சாரதி மணலை எட்டிப் பார்த்தார்.

"இது பிரேக் டிஸ்க்கல்லவா? வேன்ட முன் டிஸ்க்." அப்போதுதான் வந்து சேர்ந்த அதிகாரிக்குச் சிங்களத்தில் விளங்கப்படுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னகா நீ? இத வாய் திறந்து சொன்னா என்ன? பீத்துணியில சுத்தினா வெடிக்காதெண்டு நெனச்சியா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நான்கடி தள்ளி நின்றவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை நானா வந்தார். முற்றத்தில் காரை உயர்த்திச் சில்லுகளைக் கழற்றினார். பழைய பிரேக் கட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் என்னத்தில நிண்ட நீங்க?" என்று கேட்டார். கணவர் கழற்றிய சில்லைத் துடைக்கத் தொடங்கினார். நான் முருகன் பெயரை அங்கே இழுக்க விரும்பவில்லை. மாலைக்குள் டிஸ்க் பூட்டி முடிந்தது. இனிக் குழாய்களுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து பிரேக்கை மிதிக்க, மற்றவர் சில்லடியில் ஆணியைத் திறந்து மூட வேண்டும். கணவர் சில்லடியில் நின்று மேற்பார்வை செய்ய விரும்பினார். ஆகவே மிதிக்கிற வேலை எனக்கு.

"மிதி தங்கச்சி... மிதி... மிதி... ம், பிடி. புடிச்சுக்க. விடாத."

மடியில் மகள் ஸ்டீயரிங்கைத் திருப்பி ஊர் சுற்றிக்கொண்டிருக்க, நான் இரண்டு மணித்தியாலம் இருந்த இடத்திலேயே இருந்து மிதித்தேன். முடிவில் பிரேக் கல்லுப் போல இறுகி நின்றது. காலுக்கடியில் அப்படி ஓர் உறுதியை அந்தக் கார் எனக்கு அதற்கு முன்பு தந்ததில்லை. மனம் நிறைந்துபோனது. மிஞ்சிய பிரேக் எண்ணெயை நானா ஒரு சின்ன மருந்துப் போத்தலில் ஊற்றித் தந்துவிட்டுப் போனார். கணவர் அதைக் கொண்டுபோய் யன்னல் விளிம்பில், என் தையல் மெசின் எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். அதுவும் ஆஸ்பத்திரி மருந்துப் போத்தல்தான். சில்லறையாக வாங்கும் எல்லாவற்றுக்கும் அப்போது அந்த ஒரே போத்தல்தான்.

இனி நடந்ததற்கு நான்தான் பொறுப்பு.

போட்டிக்கு முதல் நாள் மதியம் கணவர் கழகத்துக்குச் சுண்ணாம்பு கலக்கப் போயிருந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, எண்ணெய் மட்டம் சரியாக இருக்குமா என்று ஒரு கேள்வி வந்தது. இருக்கும் என்று எனக்கே பதில் சொன்னேன். யார் பார்த்தது என்று மறுபடி கேட்டேன். அந்தக் காரில் பிரேக் எண்ணெய் ஊற்றுகிற இடம் சாரதியின் காலடியில், மிதிவிரிப்புக்குக் கீழே இருக்கும். விரிப்பைத் தூக்கி, மூடியைத் திருகித் திறந்து பார்த்தேன். விளிம்புக்கு ஒரு விரலளவு கீழே நின்றது. குறைந்துவிட்டது! என் பிள்ளை திங்கட்கிழமை பாலத்தால் போக வேண்டிய காரில் ஒரு விரல் எண்ணெய் குறைந்துவிட்டது!

யன்னலில் இரண்டு போத்தல்கள். ஒன்றில் மஞ்சளாக ஏதோ இருந்தது. மற்றது தெளிந்த நீர் மாதிரி. முகர்ந்து பார்த்தேன், இரண்டும் எண்ணெய் மாதிரியே மணந்தன. பழுதான மருந்துதான் மஞ்சளாகும் என்று முடிவுசெய்து, தெளிந்ததை எடுத்து விளிம்பு வரை ஊற்றினேன். நான் உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவள். எண்ணெய்களைப் பற்றி எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். விரிப்பைச் சரியாக விரித்து, ஒருவருக்கும் சொல்லாமல் வந்து மிச்சப் பாத்திரங்களைக் கழுவினேன். சொன்னால் கணவர் சிரிப்பார் என்பதுதான் காரணம்.

மறுநாள் பின்னேரம் வட்டையில் ஊரே நின்றது. கார்கள் ஏழு. ஒலிபெருக்கிக்காரர் ஏழுக்கும் உலகக் கிண்ணம் மாதிரி வர்ணனை செய்தார். முதலில் போன கார் பெட்டியைத் தாண்டி வைக்கோல் போருக்குள் போனது. இரண்டாவது கார் பெட்டிக்கு முப்பதடி முன்னாலேயே பெற்றோல் தீர்ந்து நின்றது. கணவரின் முறை வந்தது. நானா ஓட்டமாவடியிலிருந்து தன் வேலையைப் பார்க்க வந்து, என் பக்கத்தில் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாம் சுற்றில் கார் களைத்துவிட்டது. வேகம் குறைந்தது. முன் சில்லுகளிலிருந்து மெல்லிய புகை வந்தது. வாய்க்கால் மூலையில் அது தானாகவே நின்றுவிட்டது.

"கச்சேரிக் கார் லீவு போட்டிட்டுது!" என்றது ஒலிபெருக்கி.

எட்டுப் பேர் தள்ளினார்கள். அசையவில்லை. "மச்சான், இப்ப சரியான பிரேக்டா! ஏர் மாட்டக் கட்டி இழுத்தாலும் வராது!" என்று யாரோ கத்தினார்கள்.

நானா மகளை என்னிடம் தந்துவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அவர் சில்லடியில் ஆணியைத் திறந்தார். எண்ணெய் பீறிட்டது, சில்லு விட்டுக் கொடுத்தது. பிறகு விரிப்பைத் தூக்கி மூடியைத் திறந்தார். மூடியின் றப்பர் ஊதிப் பெருத்து நொளுநொளுவென்று இருந்தது.

"ஒரு விரல் இடம் வெச்செல்லவா ஊத்தின நான்? சூட்டுக்கு ஏற இடம் வேணும். இது முட்ட நிக்கிது." விரலில் தொட்டு உரசிப் பார்த்தார். "தங்கச்சி, அந்தத் தண்ணிப் போத்தலத் தாங்க."

மகளின் தண்ணீர்ப் போத்தல். அதன் மூடியில் தண்ணீர் ஊற்றி, காரிலிருந்து தொட்டெடுத்த எண்ணெயை விட்டார். பிரேக் எண்ணெய் என்றால் தண்ணீரோடு கலந்துவிடும். இது மேலே படலமாக மிதந்தது. எட்டாம் வகுப்பில் நான் செய்து காட்டுகிற அதே பரிசோதனை. முடிவும் அதே.

"ஆரோ மெசின் எண்ணெய் ஊத்தியிரிக்கி. இது பட்டா உள்ளுக்க இரிக்கிற றப்பர் எல்லாம் ஊதும். இண்டைக்கு இறுகிப் பிடிக்கும், நாளைக்குக் கிழிஞ்சு பிடிக்காமலே போகும். பாலத்தில என்ன செய்வீங்க?"

கணவரின் முகம் சிவந்திருந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. "நானா, நீங்க தந்த எண்ணெய்தானே இது? வேற எண்ணெய் எங்களிட்ட இல்லையே."

"நான் தந்தது நல்ல எண்ணெய் சேர்."

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல், "அவனுகள் தாற சாமானெல்லாம் இப்பிடித்தான்" என்றது. வேறொருவர், "வேணுமெண்டு செஞ்சிருப்பான்" என்றார். தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் பகை புகைந்த அந்த நாட்களில் அப்படி ஒரு சொல் வட்டையிலிருந்து ஓட்டமாவடி போய்ச் சேர எந்தச் சாவடியிலும் நிற்கத் தேவையில்லை. நானா குனிந்து சாவிகளைப் பொறுக்கத் தொடங்கினார். அவர் பஸ்ஸில் தனியாகத் திரும்பிப் போக வேண்டியவர்.

சொல்லவா என்று யோசித்தேன். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் மட்டும் சொல்லலாமே என்று யோசித்தேன். ஒரு குடும்பப் பெண் இத்தனை பேருக்கு முன்னால் புருஷனைப் பொய்யனாக்குவதா என்றும் யோசித்தேன். அதற்குள் நானா இரண்டு சாவிகளைப் பொறுக்கிவிட்டார்.

"நான்தான் ஊத்தின" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். இம்முறை, என்ன கஷ்டகாலமோ, அருகில் வந்து நின்ற ஒலிபெருக்கிக்காரரின் மைக்குக்கும் கேட்டுவிட்டது. "நான்தான் ஊத்தின. என்ட தையல் மெசின் எண்ணெய். நேத்து மத்தியானம்."

வட்டை முழுக்க என் வாக்குமூலம் எதிரொலித்தது. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து, "டீச்சர், உங்கட பெடியனுகளுக்கு எண்ணெய்ப் பாடம் முடிச்சிட்டீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். கூட்டம் வெடித்துச் சிரித்தது. பின்னாலிருந்து பேசிய குரல்களும் சேர்ந்து சிரித்தன. அவற்றுக்கு அது வசதியாக இருந்தது.

கணவர் நானாவின் கையிலிருந்த சாவிகளை வாங்கி, பையில் தானே வைத்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம் நானா" என்றார். நானா என்னைப் பார்த்தார்.

"நல்ல காலம் தங்கச்சி, நிண்டு போச்சு. நிக்காமப் போயிருந்தா ஆரும் கேட்கவும் மாட்டாங்க, நீங்க உண்மையச் செல்லவும் மாட்டீங்க."

காரை வட்டையிலேயே விட்டுவிட்டு உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் வீடு வந்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை நானா வந்து றப்பர் எல்லாவற்றையும் மாற்றினார். நானும் மறுபடி இரண்டு மணித்தியாலம் மிதித்தேன். யன்னலில் இருந்த இரண்டு போத்தல்களையும் கணவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தையல் மெசின் ஒரு மாதம் கிறீச்சிட்டது.

அதன் பிறகு காரின் பிரேக் அபாரமாகப் பிடித்தது. ஊரிலேயே திறமான பிரேக் அதுதான் என்று கணவர் சொன்னார், அதில் பொய்யில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை பாலத்தின் மேட்டில், "ஒள்ளம் நிப்பாட்டுங்க" என்று சொல்லி, மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

"என்ன இது? இப்பதானே எல்லாம் மாத்தின?"

"ஓம். நீங்க போய் நிண்டு காட்டுங்க. நாங்க நடந்து வாறம்."

"ஆக்கள் சிரிப்பாங்க."

"சிரிச்சு முடிஞ்சவங்கதானே."

அவர் தனியாக இறங்கிப் போனார். கார் கோட்டில் அச்சொட்டாக நின்றது. மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. ஒவ்வொரு நாளும் அது நிற்பதைப் பார்த்த பிறகே நான் மூச்சு விட்டு நடந்தேன். நாளைக்கு ஏறிப் போவோம் என்று நினைத்துக்கொள்வேன். நாளைக்கு மறுபடி இறங்குவேன்.

காரில் வந்த பெண் ஏன் தினமும் பாலத்தால் நடந்து வருகிறாள் என்பது சாவடியில் இருந்தவர்களுக்குச் சந்தேகமாகிவிட்டது. ஒருவன் அரைகுறைத் தமிழில் கேட்டான். உண்மையைச் சொல்வதானால் தையல் மெசினிலிருந்து தொடங்க வேண்டும். "புள்ளைக்குக் கார்ல சத்தி வரும்" என்றேன், வாந்தி எடுப்பதுபோல் செய்தும் காட்டினேன். அவன் தலையாட்டிவிட்டு, மண்மூட்டைக்குப் பின்னால் போய், ஒரு தேசிக்காயை, நல்ல பச்சை எலுமிச்சையை, கொண்டு வந்து மகளின் கையில் வைத்து, முகர்ந்து பார்க்கும்படி செய்து காட்டினான்.

அதன் பின் பல நாட்கள் அவளுக்கு அங்கே தேசிக்காய் கிடைத்தது. கிடைத்துக் கிடைத்து, தனக்குக் காரில் சத்தி வரும் என்று பிள்ளை நம்பிவிட்டாள். நம்பியவள் சும்மா இருக்கவில்லை. ஊரிலேயே திறமான பிரேக் உள்ள அந்தக் காரில், கணவரின் கச்சேரிச் சேர்ட்டின் மேல், அவள் முதல் தடவையாகச் சத்தி எடுத்த நாளில், அந்தப் பொய்யையும் நான்தான் ஊற்றினேன் என்று சொல்ல நான் வாயே திறக்கவில்லை.